ஸ்கேட்டிங்கா, சிலம்பமா? ஓயாத பிள்ளைக்கு எது ஒத்துவரும்

எங்கள் மகளுக்கு எட்டு வயது. பள்ளியிலிருந்து வந்து பையை வைத்ததும் கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவே தாவத் தொடங்குவாள். இரவு ஒன்பதரை ஆனாலும் கால் ஓயாது. கீழ்வீட்டு அத்தை இரண்டு முறை மாடியேறி வந்து சொல்லிவிட்டுப் போனார். தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் கல்லா மண்ணாவும் நொண்டியுமே போதும். எங்கள் தெருவில் அவள் வயதுக்கு இன்னும் ஒரே ஒரு பையன்தான். அவனும் ஆறு மணிக்கு டியூஷன் போய்விடுவான். அதனால்தான் வகுப்பு தேடினோம். முதலில் மூன்று மாதம் ஸ்கேட்டிங். அப்புறம் சிலம்பம், இப்போது பத்து மாதம் ஆகிறது. நான் சிலம்பத்தின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீச்சலை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அது எல்லாப் பிள்ளையும் கற்க வேண்டியது. மே மாத விடுமுறையில் கற்றுக்கொண்டாள். கிரிக்கெட் பயிற்சியை ஒருநாள் போய்ப் பார்த்தோம். மட்டை கைக்கு வர வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இவளுக்கு அது ஆகாது.

ஸ்கேட்டிங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டரில் தங்கம் வாங்கினார். அந்தச் செய்தியைப் பார்த்தபோது என் மகள் கைதட்டிய தட்டு இன்னும் காதில் இருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் அவளுக்கு விழுகிற பயம் சுத்தமாகப் போய்விட்டது. முட்டியை மடக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, விழுந்தாலும் கவசத்தில் விழக் கற்றுக்கொண்டாள். வேகத்தின் சந்தோஷம் அதில் இருப்பதுபோல் கம்பில் கிடையாது. செலவு பெரிய வித்தியாசம்தான்: சக்கர ஷூவும் கவசங்களும் எங்களுக்கு 4,200 ரூபாய் ஆயின, கம்பு 150 ரூபாய். ஆனால் நாங்கள் மாற்றியது பணத்துக்காக இல்லை.

ஒரு மணி நேர வகுப்பில் பிள்ளை எத்தனை நிமிடம் உண்மையிலேயே அசைகிறது என்பதுதான் எனக்குத் தீர்ப்பாக அமைந்தது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆடி ஓட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வகுப்பில் சேர்த்துவிட்டால் அந்த 60 நிமிடம் கிடைத்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் வகுப்பு முடிந்து வந்த பிறகும் அவள் சோபாவில் தாவினாள். ஏன் என்று பார்க்க, ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து போனில் நேரம் குறித்தேன். ஹெல்மெட், முழங்கைக் கவசம், முட்டிக் கவசம், இரண்டு ஷூவுக்கும் கயிறு இழுத்துக் கட்டுவது எல்லாம் சேர்ந்து 12 நிமிடம். பிள்ளைகள் 26 பேருக்கும் ஒரே பயிற்சியாளர், அதனால் நாலு குழுவாகப் பிரித்து மாற்றி மாற்றி விட்டார். மீதி நேரம் கட்டையில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருப்பு. அவள் சக்கரத்தில் உருண்டது 19 நிமிடம்.

சிலம்ப வகுப்பிலும் அதேபோல் குறித்தேன். வெறுங்காலோடு போய் நின்றால் தொடங்கிவிடும். மைதானத்தை நாலு சுற்று ஓட்டம், அப்புறம் காலடி வரிசை, அப்புறம் வீச்சு. ஒருவர் கம்பு அடுத்தவர் மேல் படாத தூரத்தில் எல்லோரும் நின்று ஒரே நேரத்தில் சுற்றுகிறார்கள். யாருக்கும் காத்திருப்பு இல்லை. அன்றைய கணக்கு 44 நிமிடம். இதில் கை மட்டும் சுற்றுவதில்லை. கம்பு வலப்பக்கம் போகும்போது கால் ஒரு பக்கம் மாற வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், கண் முன்னால் இருக்க வேண்டும். மூளையும் சேர்ந்து களைக்கிறது. இவளைப் போன்ற பிள்ளைக்கு அந்தக் களைப்புதான் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

இரண்டு வகுப்புமே வாரத்தில் மூன்று நாள்தான். மீதி நாலு நாளும் அவளுக்கு அதே வேகம் இருக்கிறதே? எங்கள் தெருவில் ஜல்லியும் வேகத்தடையும் டூவீலரும். சக்கர ஷூவை வெளியே எடுக்கவே முடியவில்லை. வீட்டுத் தளத்தில் விட மனம் வரவில்லை. மழையில் நனைந்தால் சக்கரத்தின் பேரிங் துருப்பிடிக்கும் என்ற கவலை வேறு. கம்பு அப்படியில்லை. காலை ஆறு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். கீழே காபி கலக்கும்போதே விர் விர்ரென்று காற்றை அறுக்கிற சத்தம் கேட்கும். மழை நாளில் கூடத்தில் கம்பில்லாமல் காலடி மட்டும். கூடத்தில் கம்பு கூடாது என்று ஒரு டியூப்லைட் போன பிறகு சட்டம் போட்டோம்.

தொல்லை இல்லாமல் இல்லை. முதல் மாதம் கட்டைவிரல் அடியில் கொப்புளம் வந்தது, கணுக்காலில் அடிக்கடி பட்டது. பிரம்பு காய்ந்தால் வெடிக்கும் என்பதால் அவ்வப்போது எண்ணெய் தடவி வைக்கிறோம். போட்டி, சான்றிதழ் என்று கேட்பவர்களுக்கு: 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நாங்கள் அதற்காகச் சேர்க்கவில்லை.

என் அனுபவம் ஒரே பிள்ளையோடு, ஒரே ஆசானிடம். எதிரெதிரே நின்று ஆடும் தொடுமுறைக்கு அவள் இன்னும் போகவில்லை. அங்கே அடி பட்டால் இதே ஆசை நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது. பத்துப் பிள்ளைக்கு ஒரு பயிற்சியாளர் இருக்கிற ஸ்கேட்டிங் வகுப்பு கிடைத்து, குடியிருப்புக்குள்ளேயே வழவழப்பான தளமும் இருந்தால் என் நிமிடக் கணக்கு தலைகீழாகலாம். அப்படி வசதி உள்ளவர்கள் ஸ்கேட்டிங்கையே முதலில் பாருங்கள். எதுவானாலும் பணம் கட்டும் முன் ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள், கையில் கடிகாரத்தோடு.

கம்பின் உயரம் பிள்ளையின் நெற்றி அளவு இருக்க வேண்டும் என்று ஆசான் சொல்லியிருந்தார். சேர்ந்த அன்று அவளைச் சுவரோரம் நிறுத்தி, புருவத்துக்கு மேலே கரிக்கட்டியால் கோடு போட்டு, அந்த அளவுக்குக் கம்பை அறுத்துக் கொடுத்தார். போன வாரம் அதே கோட்டருகே நின்று பார்த்தாள். கோடு இப்போது கண்ணுக்கு நேரே இருக்கிறது. புதுக் கம்பு சொல்லியிருக்கிறோம்.