யு-பூட் சோதனை: நினைவகத்தில் ஏற்றுவதா, கார்டில் எழுதுவதா?

ஆல்வின்னர் சிப் உள்ள போர்டில் புது யு-பூட்டை (போர்டு தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர்) சோதிக்க என் முதல் தேர்வு ஃபெல் முறைதான், அதாவது சிப் யுஎஸ்பி வழியே நிரலை வாங்கிக்கொள்ளும் முறை. போர்டை ஃபெல்லில் போட்டு, யுஎஸ்பி ஓடிஜி கேபிள் வழியே கணினியிலிருந்து சன்ஷி-ஃபெல் கருவியால் அனுப்பினால் போதும். முதலில் எஸ்பிஎல் (யு-பூட்டின் சிறிய முதல் பகுதி), சிப்புக்குள்ளேயே இருக்கும் எஸ்ராம் என்ற சிறு நினைவகத்தில் ஓடி, முதன்மை நினைவகமான டிராமைத் தயார் செய்யும். அப்புறம் முழு யு-பூட் டிராமில் ஏறும். தப்பான பில்ட் என்றால் மின்சாரத்தை நிறுத்தினால் சரி, பழைய பூட்லோடர் அப்படியே இருக்கும். (யு-பூட் அமைப்புகளைச் சேமிக்கும் ‘சேவ்என்வ்’ கட்டளையை மட்டும் கொடுக்காதீர்கள், அது சேமிப்பகத்தில் எழுதிவிடக்கூடும்.)

எஸ்டி கார்டு மெதுவான வழி. கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கேபி தள்ளி எழுத வேண்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் கார்டைக் கழற்றி மாட்ட வேண்டும். ஆனாலும் அதை விட முடியாது: எஸ்பிஎல் கார்டிலிருந்து யு-பூட்டைப் படித்து ஏற்றும் பகுதி ஃபெல்லில் ஓடுவதே இல்லை. போர்டிலேயே இருக்கும் இஎம்எம்சி சேமிப்பகத்தில் எழுதும் முன் கார்டிலிருந்து ஒருமுறை பூட் செய்து பாருங்கள்.