மாட்டு மரபணுச் சோதனை: கலப்பினத்துக்குச் சரி, புலிக்குளத்துக்கு வேண்டாம்

பள்ளத்தூரில் மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றி வரும் நான், எந்தக் கிடேரியை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று முடிவு செய்வதற்காக, இரண்டு ஜெர்சி கலப்பினக் கிடேரிகளுக்கும் திமில் உள்ள நாட்டு இனமான புலிக்குளம் பசு ஒன்றுக்கும் வெளியூர் ஆய்வகம் ஒன்றில் மரபணுச் சோதனை செய்து பார்த்தேன்.

மாதிரி எடுப்பது எளிது. வால் மயிரை வெட்டாமல், ஒரே இழுப்பில் வேரோடு பிடுங்கி அட்டையில் ஒட்ட வேண்டும். நுனியில் வெள்ளையாகத் தெரியும் வேர்க்குமிழ்தான் சோதனைக்குத் தேவை.

கலப்பினக் கிடேரிகளின் அறிக்கை உண்மையிலேயே பயன்பட்டது. பாலின் கொழுப்பில் பெரும்பங்கு கொண்ட டிஜிஏடி1 என்ற மரபணு மாட்டின் 14ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் புரதத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லைசின் என்ற அமினோ அமிலம் இருந்தால் கொழுப்பு கூடும், பாலின் அளவு சற்றுக் குறையும் என்பது 2002இல் தெரியவந்தது. கொழுப்பைப் பார்த்து விலை போடும் சொசைட்டிக்கு ஊற்றுகிற எனக்கு இது வேண்டிய தகவல். தாயிடமும் தந்தையிடமும் இருந்து வந்த இரு பிரதியும் லைசின் வடிவமாக இருந்த கிடேரியை வைத்துக்கொண்டேன்.

நம் நாட்டு இனங்களிலோ ஏறத்தாழ எல்லா மாடுகளிலும் லைசின் வடிவம்தான்; சோதித்தாலும் புதிதாக எதுவும் தெரியாது. பாலின் பீட்டா கேசீன் புரதம் ஏ1 வகையா, ஏ2 வகையா என்று பார்க்கும் சோதனையும் அப்படியே, பெரும்பாலும் ஏ2 என்றுதான் வரும். இதை முன்கூட்டியே சொல்லாமல் புலிக்குளம் பசுவுக்கும் முழுக் கட்டணம் வாங்கியது முறையல்ல.

அதைவிட வருத்தம் தந்தது, ‘பால் திறன்’ என்று போட்டிருந்த மதிப்பெண். பாலின் அளவு ஒரு மரபணுவின் வேலையன்று. எண்ணற்ற மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அந்த மரபணுக்களைத் தனித்தனியே பார்க்காமல், டிஎன்ஏவில் அவற்றுக்கு அருகிலுள்ள அடையாளக் குறிகளைப் படித்து, பால் கணக்கு எழுதிவைத்த பல்லாயிரம் மாடுகளோடு ஒப்பிட்டே மதிப்பெண் போடுகிறார்கள். எனக்கு வந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், ஒப்பிட்ட மந்தை ஹோல்ஸ்டீன் என்ற ஐரோப்பியப் பால்மாட்டு இனம் என்று சிறிய எழுத்தில் இருந்தது. திமில் மாடுகளும் ஐரோப்பிய மாடுகளும் பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டதால், அங்கே நல்ல மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்கும் குறி இங்கேயும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. சிவகங்கைச் சீமையின் வறட்சியைத் தாங்கி, கிடை போட்ட வயலுக்கு எருவாகும் இனத்துக்கு அங்கே மிகக் குறைந்த மதிப்பெண் விழுந்திருந்தது.

பணம் கட்டுவதற்கு முன், எந்த மந்தையோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டு மாடுகளுக்கும் அவற்றின் கலப்பினங்களுக்கும் என்றே தேசிய பால்வள வாரியம் உருவாக்கிய இன்டஸ்சிப் என்ற மரபணுச் சோதனைச் சில்லு இருக்கிறது. நான் அடுத்த ஈற்றில் கலப்பினக் கன்றுக்குக் கொழுப்பு மரபணுச் சோதனையை மட்டும் செய்வேன்.