கொஞ்சம் கொஞ்சமாக அலங்கரித்த வீடு: எது நிலைத்தது, எது போனது

ஒரே மூச்சில் வீட்டை மாற்றாமல், காசு சேரும்போது ஒன்று, தேவை தெரியும்போது ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போகிற முறையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். வாடகை வீட்டில் தொடங்கியது. இடையில் வீடும் மாறியாயிற்று. இந்த முறை பலன் தருகிறதா என்று கேட்டால், தருகிறது. ஆனால் எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது. சிலவற்றை ஆறப்போட்டு வாங்கினால் லாபம். சிலவற்றை ஆறப்போட்டால் இரட்டைச் செலவு.

முதலில் வெளிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். அலங்காரக் கணக்கில் யாரும் சேர்க்காத இதில்தான், போட்ட காசுக்கு அதிகப் பலன் கிடைத்தது. கூடத்தில் சுவரோடு ஒட்டிய ஒற்றை ட்யூப்லைட் மட்டும் இருந்தது. வெள்ளை வெளேர் என்ற வெளிச்சம், 6500 கெல்வின். எழுத்து வேலைக்கும் சமையல் மேடைக்கும் அது பரவாயில்லை. உட்கார்ந்து பேசும் இடத்தில் அது எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடுகிறது, மனித முகம் உட்பட. பல்பு அட்டைப்பெட்டியில் இந்த கெல்வின் எண் இருக்கும். 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள், 4000 நடுத்தரம், எண் கூடக்கூட நீலம் தட்டும். மாலையில் புழங்கும் இடங்களுக்கு நான் 2700, 3000 தாண்டுவதில்லை.

அதே பெட்டியில் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும்: சிஆர்ஐ. அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்கான அளவு, உச்சம் 100. சாதாரண எல்இடி பல்புகள் 80 சுற்றி இருக்கும். சிவப்பும் மரத்தின் பழுப்பும் தோல் நிறமும் செத்துப்போகாமல் தெரிய 90க்கு மேல் வேண்டும். விலை கொஞ்சம் கூடும், ஆனால் வீட்டில் எல்லாப் பொருளும் அந்தப் பல்பின் வழியாகத்தான் கண்ணுக்கு வருகிறது. மாற்றியே ஆகவேண்டும் என்று முடிவுசெய்திருந்த சோபா உறை ஒன்று, பல்பு மாறியதும் பிழைத்துக்கொண்டது.

வாட்டைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். வெளிச்சத்தின் அளவு லூமெனில்தான் இருக்கிறது. பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த சுமார் 800 லூமெனை இன்றைய எல்இடி பத்து வாட்டுக்குள் தந்துவிடும். அதையும் ஒரே இடத்தில் கொட்டாமல் தரைவிளக்கு ஒன்று, மேசைவிளக்கு ஒன்று, அலமாரிக்குள் சின்னதாக ஒன்று என்று வெவ்வேறு உயரத்தில் பிரித்து வைத்தால், அறைக்கு ஓர் ஆழம் வந்துவிடும். நீண்டகாலக் குறை என்றால் ஒன்று உண்டு. மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் போட்ட எல்இடி பல்புகள் சீக்கிரம் போய்விட்டன. இவற்றில் பெரும்பாலும் முதலில் போவது அடியில் இருக்கும் மின்சுற்று, அதற்குச் சூடு ஆகாது. திறந்த கூண்டில் போட்டவை இன்னும் எரிகின்றன.

சுவருக்கு நிறம் தேர்ந்தது விளக்குகளை மாற்றிய பிறகுதான். அந்த வரிசை முக்கியம். கடையின் வெள்ளை வெளிச்சத்தில் பொருந்திப்போகிற இரண்டு நிறங்கள், வீட்டு மஞ்சள் வெளிச்சத்தில் சண்டைபோட்டுக்கொள்ளும். நிற அட்டையின் குட்டிச் சதுரத்தை நம்ப வேண்டாம். சுவர் முழுக்கப் பரவும்போது அதே நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும். சின்ன டப்பா வாங்கி, பெரிய தாளில் இரண்டு பூச்சு அடித்து, அதை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலும் ஜன்னலை ஒட்டிய சுவரிலும் மாற்றி மாற்றி ஒட்டி, காலையிலும் இரவிலும் பார்ப்பது என் வழக்கம். ஒரு வாரம் போனாலும் கண் அதை விரும்பினால் அப்புறம் பெரிய டப்பா. இப்படிப் பார்த்ததில் எனக்கு மிகப் பிடித்திருந்த சாம்பல் நிறம், மாலையில் ஊதாவாக மாறுவது தெரிந்து கழிந்துபோனது.

பளபளப்பு பற்றி ஒரு வரி: பளபளப்பில்லாத மேட் பூச்சு சுவரின் மேடுபள்ளங்களை மறைக்கும், ஆனால் கைக்கறையைத் துடைத்தால் அந்த இடம் மட்டும் மினுங்கத் தொடங்கும். கொஞ்சம் பளபளப்புள்ளது துடைக்கத் தாங்கும், பழைய பூச்சுவேலையின் குறையையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும். நடைவழியில் இரண்டாவது வகை, படுக்கையறையில் முதல் வகை. இத்தனை ஆண்டுகளில் இந்தப் பிரிவினையை மாற்றத் தோன்றவில்லை.

இனி மரச்சாமான்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவு என்ற சொல்லின் குணம் இங்கேதான் தெரியும். ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு பொருள்கள் வீட்டுக்கு வந்தன. ஒன்று, பெட்டியில் பிரித்து வந்து நாமே பூட்டிக்கொள்ளும் பார்ட்டிகிள் போர்டு புத்தக அலமாரி. இன்னொன்று, யாரோ கழித்துவிட்ட பழைய மரமேசை.

அலமாரி முதல் ஆண்டில் அழகாகவே இருந்தது. அப்புறம் பலகைகள் நடுவில் தொங்கத் தொடங்கின. இது தயாரிப்பாளரின் தில்லுமுல்லு என்று சொல்ல மாட்டேன்; பொருளின் இயல்பே அது. மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை, நிலையான பாரத்தின் கீழே மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும், பாரத்தை எடுத்தாலும் முழுதாகத் திரும்பாது. புத்தகமோ சாதாரணப் பாரமில்லை. ஒரு மீட்டர் வரிசை இருபது கிலோவைச் சுலபமாகத் தாண்டும். பலகையைக் கழற்றித் தலைகீழாகப் போட்டால் கொஞ்சகாலம் நேராகும், பிறகு அந்தப் பக்கமும் தொங்கும். நிரந்தர வழி நடுவில் ஒரு தாங்கல் வைப்பதுதான். ஒரே மாதிரிப் பரவிய பாரத்தில் நீளம் இரட்டித்தால் வளைவு பதினாறு மடங்காகக் கூடுவதால், தாங்கலுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாக்கினாலே வளைவு பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். நான் ஒரு மரத்துண்டை அளவுக்கு வெட்டி இடையில் நிறுத்தினேன். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. வளைவு அதோடு நின்றது.

வீடு மாற்றியபோதுதான் அலமாரியின் கதை முடிந்தது. கழற்றி மறுபடி பூட்டியதில் ஸ்க்ரூ ஓட்டைகள் பொரிந்துவிட்டன, அடிப்பலகை தரை கழுவிய நீரில் உப்பியது. உப்பிய பார்ட்டிகிள் போர்டைத் திருப்பி எடுக்க வழியில்லை. நிற்கிற இடத்திலேயே நிற்கும், நனையாது என்றால் வாங்கலாம். வீடு மாறுகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மேசை எதிர்மாறு. வந்தபோது மேலே வட்டவட்டமாகத் தம்ளர் கறை, ஒரு கால் ஆட்டம், கறுத்துப்போன வார்னிஷ். வாங்கும் முன் கீழே குனிந்து பார்த்தேன். மேசையின் முகத்தைப் பார்ப்பதைவிட அடிவயிற்றைப் பார்ப்பது முக்கியம். மேற்பலகையின் ரேகைகள் விளிம்பைத் தாண்டிக் கீழும் தொடர்ந்தால் முழுமரம். விளிம்பில் மெல்லிய தாள் ஒட்டினாற்போல் ஒரு கோடு தெரிந்தால் வெனீர், அதாவது வேறு பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு. வெனீர் கெட்டதில்லை, ஆனால் அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தேய்த்தால் கிழிந்து அடிப்பலகை பல்லிளிக்கும். இழுப்பறையின் மூலையில், புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்த இணைப்பு இருந்தால் அக்கறையாகச் செய்யப்பட்டது என்று கொள்ளலாம். குண்டூசி ஓட்டைகளும், தட்டினால் உதிரும் புதுத் தூளும் இருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். பழைய பெயின்ட் அடித்த சாமானில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. என் மேசையில் வெறும் வார்னிஷ்தான்.

உப்புத்தாள் சொரசொரப்பிலிருந்து நயத்துக்கு 80, 120, 180 என்று மூன்று படி, எப்போதும் ரேகை ஓடும் திசையில். குறுக்கே தேய்த்த கோடுகள் அப்போது தெரியாது. எண்ணெய் பட்டதும் கீறல்களாக எழுந்து நிற்கும். 120 முடியும்போது கறுப்பு விலகி, கீழே செம்பழுப்பு மரம் வந்தது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தேன். நிமிர்ந்துகொண்ட நார்களை 180 எடுத்துவிட்டது. பிறகு ஆளிவிதை எண்ணெய், மெல்லிய பூச்சாக, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, காயவிட்டு, மீண்டும். ஓர் எச்சரிக்கை: இந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காற்றோடு சேர்ந்து காயும்போது அது சூடாகும், சுருண்டிருந்தால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் முக்கிவைக்க வேண்டும்.

அந்த மேசையில்தான் இதை எழுதுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் கேட்கிறது, கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் போதும்.

மேசை நன்றாக வந்ததில் ஒரு வம்பும் வந்தது. பக்கத்தில் இருந்த நாற்காலி திடீரென்று அசிங்கமாகத் தெரிந்தது. நாற்காலி மாறினால் விரிப்பு, விரிப்பு மாறினால் திரை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ புது அங்கி ஒன்று வந்த பிறகு தன் பழைய சாமான்களெல்லாம் ஒவ்வொன்றாக மாறிப்போனதை 1769-இல் புலம்பி எழுதியிருக்கிறார். 1988-இல் மானுடவியலாளர் கிராண்ட் மெக்கிராக்கன் இதற்குத் திதரோ விளைவு என்றே பெயர் வைத்தார். மெதுவாக வாங்குவதன் உண்மையான லாபம் இங்கேதான். ஒரு பொருள் வந்ததும் அடுத்ததுக்கு ஒரு பருவமாவது இடைவெளி விட்டால், அந்த ‘அசிங்கம்’ பாதிக்குப் பாதி மறைந்துவிடுகிறது. நாற்காலி அதேதான் இன்னும். துணி மட்டும் மாறியிருக்கிறது.

சொந்த ரசனை என்பதைக் கண்டுபிடிக்கவும் இந்த இடைவெளிதான் உதவியது. போனில் சேமித்து வைத்திருந்த படங்களைப் பார்த்தால் எல்லாம் வெள்ளைச் சுவர், வெறும் தரை, ஒற்றைச் செடி. ஆனால் வீடு மாறும்போது எதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை என்று பார்த்தேன்: கனமான மரம், செங்கல் நிறத் துணி, சொரசொரப்பான நெசவு, புத்தகங்கள். அந்தப் படங்கள் மற்றவர் வீட்டுக்கு அழகு. நான் புழங்குவது வேறு மாதிரி. அதன் பிறகு வாங்கியதெல்லாம் இரண்டாவது பட்டியலோடு ஒத்துப்போனவை, அவற்றில் ஒன்றும் வீணாகவில்லை.

சுவரில் மாட்டுவதற்கு எளிய கணக்கு: படத்தின் நடு, தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர். சோபாவுக்கு மேலே என்றால் சாய்மானத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் சட்டத்தின் அடி இருக்கட்டும். பழைய செய்தித்தாளைச் சட்டங்களின் அளவில் வெட்டி முதலில் ஒட்டிப் பார்த்தால் ஆணி ஓட்டைகள் மிச்சமாகும். ஆணி அடிக்க முடியாத வாடகைச் சுவரில் ஒட்டுக்கொக்கிகள் எனக்கு நன்றாகவே உழைத்தன, சுவரை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்த இடங்களில். வெறுமனே ஒட்டியவை மழைக்காலத்தில் விழுந்தன. ஒட்டும் வால்பேப்பருக்கு மட்டும் என் ஓட்டு இல்லை. ஓரங்கள் சுருண்டன, உரித்தபோது பெயின்ட்டும் கூடவே வந்தது.

இனி, மெதுவாக வாங்கக் கூடாதவை. ஒரு அறையின் பெயின்ட்டை ஒரே தடவையில் வாங்குங்கள். நல்ல சுவரில் ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் பத்துச் சதுர மீட்டர் வரும்; கணக்குப் போட்டு, எல்லா டப்பாவையும் ஒரு வாளியில் கலந்துவிட்டு அடியுங்கள். பேட்ச் எண் மாறினால் அதே நிறத்தின் பெயரில் வேறு நிறம் வரும். திரைத்துணியும் அப்படித்தான். சாயத் தொகுதி மாறினால் இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே வித்தியாசம் பளிச்சென்று தெரியும். துணியின் அகலம் ஜன்னலைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால்தான் மடிப்பு விழும். பருத்தியென்றால் தைக்கும் முன் அலசிவிட வேண்டும், முதல் சலவையில் சுருங்குவதைத் தையற்காரரால் தடுக்க முடியாது. ஒன்றோடொன்று பூட்டும் அலமாரி வகைகளை ‘பிறகு சேர்த்துக்கொள்ளலாம்’ என்று நினைத்துத் தொடங்காதீர்கள். அந்த மாடலையே நிறுத்திவிடுவார்கள்.

இந்த முறையில் சகித்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: வீடு எப்போதும் அரைகுறையாகவே தெரியும். அக்கா வந்துவிட்டு, “ஏண்டா, இன்னும் சாமான் இறக்கி முடியலையா?” என்றாள். காலி மூலைகளைக் கண்டு நமக்குச் சங்கடம் இல்லையென்றாலும், கூட இருப்பவர்களுக்கு இருக்கலாம். அவர்களையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் படுக்கையறை முழுக்க மனைவியின் விருப்பம், அங்கே எல்லாம் ஒரே மாதத்தில் முடிந்துவிட்டது, அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

இப்போதைக்குப் பாக்கி, கூடத்தின் ஜன்னலோர மூலை. படிக்க ஒரு சாய்வு நாற்காலி போடலாம் என்று எண்ணம். மாஸ்கிங் டேப்பால் அதன் அளவைத் தரையில் ஒட்டி வைத்திருக்கிறேன். பால்கனிக் கதவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டை மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள், ஆகவே இன்னும் குறுகலான நாற்காலியாகத் தேட வேண்டும்.