கல்லடித் தொடர்மாடியில் வீட்டு மாற்றங்கள்: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

மட்டக்களப்பு, கல்லடியில் தொடர்மாடி வீடொன்றை, கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பதிவுசெய்து, எங்கள் தேவைக்கேற்பச் சில மாற்றங்களையும் கேட்டிருந்தோம். அவற்றைக் கட்டட நிறுவனம் கையாண்ட விதத்தை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன்.

மட்டக்களப்பில் சொந்த வளவில் வீடு கட்டுபவர்கள், வேலை பாதியில் நிற்கும்போதுகூட மேசனிடம் சொல்லி யன்னலை இடம் மாற்றிவிடுவார்கள். தொடர்மாடியில் அது இயலாது. தூணும் விட்டமும் பொதுக் குழாய்களும் எல்லா வீட்டாருக்கும் உரியவை. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டமும் பொது அங்கங்களைத் தனியொருவரின் விருப்பத்துக்கு விடவில்லை.

இதை உணர்ந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடைசித் திகதியை நிறுவனம் முதலிலேயே எழுதித் தந்தது பெரிய நன்மை. கழிவுக் குழாய் மாற்றங்களைக் கொங்கிறீட் தட்டு போடுமுன்பும், வயரிங் மாற்றங்களைச் சுவர் பூசுமுன்பும் சொல்லிவிட வேண்டும். தட்டு போட்ட பிறகு அம்மாவுக்காகக் கொமோட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றக் கேட்டபோது, பணத்துக்காக இணங்காமல், குழாய்க்குப் போதிய சரிவு கிடைக்காது என்பதைப் பொறியியலாளர் வரைந்து காட்டி மறுத்தார்; சுவரில் கைபிடி பொருத்தித் தந்தார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

சமையலறையில் கிரைண்டருக்காகக் கேட்ட பிளக் பொயின்ற் சொன்ன இடத்திலேயே அமைந்தது. பூச்சுக்கு முன், சுவருக்குள் போகும் வயர்க் குழாய்களின் அருகே அளவு நாடாவைப் பிடித்துப் படமெடுத்துத் தந்தார்கள்; பின்னர் அலுமாரி மாட்டத் துளையிட்டபோது அந்தப் படங்களே உதவின.

குறைகளும் உண்டு. பல்கனித் தடுப்புக்கு இரும்புக் கம்பிக்குப் பதிலாக அலுமினியம் என அலுவலகத்தில் கையொப்பமிட்ட மாற்றம் வேலைத்தளத்தை எட்டவில்லை. பழைய வரைபடத்தைப் பார்த்து இரும்பையே பொருத்திவிட்டார்கள். தங்கள் செலவிலேயே மாற்றித் தந்தார்கள் என்றாலும், மாரி முடிந்த பிறகே வந்தார்கள். உப்புக் காற்றில் அதற்குள் துரு ஏறி, தரையிலும் கறை படிந்துவிட்டது. மேலும், நாங்கள் வேண்டாமென்ற தரை மாபிளுக்குத் தங்கள் மொத்தக் கொள்வனவு விலையை மட்டும் கழித்துவிட்டு, கூடுதலாகக் கேட்டவற்றுக்குச் சந்தை விலையை அறவிட்டது நியாயமாகப் படவில்லை. இவர்களிடம் வாங்க எண்ணுபவர்கள், கழிக்கும் விலையையும் ஒப்பந்தத்திலேயே எழுதுவித்து, திருத்திய வரைபடம் மேற்பார்வையாளரின் கையில் இருக்கிறதா என்று நேரில் பார்த்துக்கொள்வது நல்லது.