சிஎஃப்எஸ்: பூட்டு யார் கையில்?

நண்பர் ஒருவர் புதிதாக ஒரு சேன் ஃபேப்ரிக்கைப் (சர்வர்களையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் ஸ்விட்சுகளின் வலையமைப்பு) பொறுப்பேற்றிருக்கிறார். "சிஎஃப்எஸ் டிஸ்ட்ரிபியூஷனை எல்லாத்துக்கும் ஆன் பண்ணிடலாமா, நீங்கதான் ரொம்ப வருஷமா ஓட்டறீங்களே" என்று கேட்டார். சிஎஃப்எஸ் என்பது சிஸ்கோ ஃபேப்ரிக் சர்வீசஸ், ஒரு ஸ்விட்சில் செய்த மாற்றத்தை ஃபேப்ரிக்கின் மற்ற ஸ்விட்சுகளுக்கும் பரப்பும் வசதி. ஒரு வரியில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டிவைஸ் அலையாஸ் (போர்ட்டின் நீண்ட எண்ணுக்குப் பதிலாக நாம் வைக்கும் பெயர்) ஒன்றுக்காகவே இதைக் கும்பிடலாம். பதினாறு எழுத்து நீளத்துக்கு ஓடும் பிடபிள்யூடபிள்யூஎன் என்ற போர்ட் அடையாள எண்ணை ஒவ்வொரு ஸ்விட்சிலும் தட்டிக்கொண்டிருந்தால் எங்காவது ஒரு எழுத்து மாறத்தான் செய்யும். இங்கே ஒரே ஸ்விட்சில் பெயர் கொடுத்து கமிட் அடித்தால் ஃபேப்ரிக் முழுவதும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. புது ஸ்விட்சை ஐஎஸ்எல்லில் (ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலான இணைப்பு) இணைத்தால் பட்டியல் மெர்ஜ் ஆகி அதுவாகவே வந்துவிடும், ஒரே பெயர் இரண்டு பக்கமும் வேறு வேறு போர்ட்டைக் காட்டாத வரைக்கும். கமிட் என்பது சேமிப்பு அல்ல என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். ஆனால் 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் ஃபேப்ரிக்' என்று கடைசியில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் எல்லா ஸ்விட்சிலும் சேமித்துவிடும். அதைக் கண்டுபிடித்தவர் கையில் மோதிரம் போடலாம்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். முதல் அலையாஸைத் தட்டிய நொடியே ஃபேப்ரிக் முழுக்கப் பூட்டு விழுந்துவிடும், நீங்கள் எழுதுவதெல்லாம் பெண்டிங் டேட்டாபேஸில் (இன்னும் அமலுக்கு வராத மாற்றங்களின் தற்காலிகப் பட்டியல்) நிற்கும். கமிட் அல்லது அபார்ட் (மாற்றங்களைக் கைவிடுவது) அடித்தால்தான் பூட்டு விடும். செஷனை மூடிவிட்டு வீட்டுக்குப் போனால்? பூட்டு அப்படியே இருக்கும், யாராவது வந்து விடுவிக்கும் வரை. போன வாரம் இரவு மாற்றத்துக்கு உட்கார்ந்தால் ஃபேப்ரிக் ஏற்கெனவே பூட்டியிருக்கிறது என்று திட்டுகிறது. 'ஷோ சிஎஃப்எஸ் லாக்' போட்டுப் பார்த்தேன். ஸ்விட்சின் டபிள்யூடபிள்யூஎன் (அடையாள எண்), ஸ்விட்சின் ஐபி, பயனர் பெயர் 'அட்மின்'. எங்கள் இடத்தில் பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள் உட்பட அத்தனை பேரும் அட்மின்தான். காட்டும் ஐபியும் ஸ்விட்சுடையது, உட்கார்ந்து தட்டியவரின் லேப்டாப்புடையது அல்ல. ஆக, எந்தப் பெட்டியில் என்று தெரிந்தது, யார் என்று தெரியவில்லை.

அந்த ஸ்விட்சுக்குள் போய் பெண்டிங்-டிஃப் (இன்னும் கமிட் ஆகாத மாற்றங்கள்) பார்த்தால் பாதி எழுதிய அலையாஸ் இரண்டு. இதைக் கமிட் செய்வதா, தூக்கி எறிவதா? 'கிளியர் டிவைஸ்-அலையாஸ் செஷன்' அடித்தால் பூட்டு போய்விடும், கூடவே எழுதியவரின் வேலையும் போய்விடும். போன் செய்து ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பதற்குள் மாற்றத்துக்குக் கொடுத்திருந்த நேரத்தில் பாதி கரைந்துவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் பூட்டு இல்லாமல் முடியாது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். என்ஹான்ஸ்டு சோனிங்கிலும் (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்று பிரித்து வைக்கும் ஏற்பாடு) இதே பூட்டு, இதே கமிட் கதைதான். நம்மிடம் தனித்தனி லாகின் இல்லாதது சிஎஃப்எஸ்ஸின் குற்றமும் இல்லை. அதற்கு ரேடியஸ் (லாகின்களை ஒரு மைய சர்வரில் வைத்துச் சரிபார்க்கும் முறை) வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். வைக்கலாம், சர்வர் விவரத்தை சிஎஃப்எஸ்ஸே பரப்பும், ஆனால் பாதுகாப்புக்காக ரகசிய சாவியை மட்டும் பரப்பாது, அதை ஒவ்வொரு ஸ்விட்சாகப் போய்க் கையால்தான் போட வேண்டும். இவ்வளவு தூரம் வந்தும் அங்கே கையால்தானா என்று தோன்றும்.

அப்புறம், ஒன்று விழுந்தாலும் மற்றது ஓட வேண்டுமென்று வைத்திருக்கும் ஏ ஃபேப்ரிக், பி ஃபேப்ரிக் இரண்டும் தனித்தனி என்பதால் ஒன்றில் செய்தது மற்றதற்குப் போகாது. இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்களிடம் எனக்குக் கொஞ்சமும் அனுதாபமில்லை. ஒரு பக்கம் தப்பாகப் பரவியது மறுபக்கமும் பரவாமல் இருக்கத்தானே இரண்டு வைத்திருக்கிறோம்? ஐபி வழியாக சிஎஃப்எஸ்ஸை ஓட விட்டால் அது ஒரு ஃபேப்ரிக்கிலிருந்து மற்றதற்குத் தாண்டிவிடலாம், அப்படி விடுபவர்கள் இதை இரண்டு தடவை யோசிக்கட்டும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது ஒட்டாதுதான், ஆனாலும் நண்பருக்கு என் பதில்: அலையாஸைத் தவிர மற்றதற்கு இப்போதைக்கு ஆன் செய்யாதீர்கள். என்டிபி (கடிகார ஒத்திசைவு), சிஸ்லாக் (நிகழ்வுப் பதிவு) மாதிரி வருடத்துக்கு ஒரு தடவை தொடுகிற சமாச்சாரத்துக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும், அதற்கெல்லாம் ஒரு பூட்டு தேவையில்லை. முதலில் ஆளுக்கொரு லாகின் வாங்குங்கள். அது கிடைத்த பிறகு கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ, போன வாரத்துக் கோபம் இன்னும் அடங்கவில்லை.