தக்காளி சாஸுக்கு மிக்ஸியா, ஃபுட் மில்லா? மூன்று வருடப் பயன்பாட்டில் தெரிந்தது

வீட்டு சாஸ் லேசாகக் கசந்து, நிறமும் வெளிறிப்போனால் முதலில் மிக்ஸியைத்தான் சந்தேகப்பட வேண்டும். பிளேடு விதையை உடைப்பதால் கசப்பு ஏறும். காற்றும் உள்ளே அடிபடும். சிவப்புக்குப் பதில் ரோஸ் நுரை நிற்கும். கைப்பிடி சுற்றும் ஃபுட் மில்லில் சாய்ந்த தகடு வெந்த தக்காளியைத் துளைத்தட்டில் அழுத்தித் தேய்க்கும். சதை கீழே இறங்கும், தோலும் விதையும் மேலேயே நிற்கும்.

துளை 1 அல்லது 1.5 மி.மீ. இருக்கட்டும். 3 மி.மீ. தட்டில் விதை நழுவிவிடும்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வாங்கும்போது 2 கிலோ பெங்களூர்த் தக்காளிக்கு 1 கிலோ நாட்டுத் தக்காளி சேர்ப்பது நல்லது. முன்னதில் சதை, பின்னதில் புளிப்பு. நான்காக வெட்டி, தண்ணீர் விடாமல் மூடி, தோல் சுருண்டு பிரியும்வரை சிறுதீயில் வேகவிடுங்கள். அரைவேக்காட்டில் சுற்றினால் கைதான் வலிக்கும். பத்துச் சுற்று முன்னே, இரண்டு சுற்று பின்னே: அடைத்த தோல் விலகும். கடைசியில் தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் கெட்டி விழுதை அவசியம் வழித்தெடுங்கள். சாஸுக்குக் கெட்டித்தன்மை தருவது அதுதான்.

சுண்ட வைக்க அடிகனமான, வாயகன்ற எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். அலுமினியமும் இரும்பும் புளிப்போடு சேர்ந்து உலோகவாடை தரும். பட்டை, கிராம்பு, பூண்டைத் துணியில் முடிந்து போடலாம். விழுது பாதியாகச் சுண்டிய பிறகே 150 கிராம் சர்க்கரை, 20 கிராம் உப்பு. முன்பே போட்டால் அடிபிடிக்கும். வினிகர் 100 மி.லி., இறக்கும் முன். ஒரு சொட்டைத் தட்டில் விட்டுப் பாருங்கள். சுற்றிலும் நீர் பிரியாவிட்டால் பதம் வந்துவிட்டது. கொதிநீரில் 10 நிமிடம் கிடந்து உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் சூடாக ஊற்றி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைக்கும் சரக்கு அல்ல இது.

மில்லின் பெரிய எதிரி நம் ஊர் உப்புக்காற்று. முழுக்க எவர்சில்வர் என்று வாங்கினாலும் நடுவிலுள்ள ஸ்பிரிங்கும் திருகும் சில மாதங்களில் துருப்பிடிக்கின்றன. கழற்றிக் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் தாங்கும். பிளாஸ்டிக் கால் உள்ளதை வாங்கவே வேண்டாம். சூட்டில் வளைந்து, பாத்திர விளிம்பில் நிற்காமல் வழுக்கும்.

ஒரு கிலோவுக்குள் செய்பவர்களுக்கு இது தேவையில்லை. கெட்டியான எவர்சில்வர் வடிகட்டியும் குழிக்கரண்டியும் போதும்.