பூனைக்கு "ரத்தம் கம்மி" என்று டானிக் பாட்டிலை நீட்டினால், முதலில் பி.சி.வி. எவ்வளவு என்று கேளுங்கள்

மூன்று வயது நாட்டுப் பூனை. ஆண், கருத்தடை செய்தது, எடை 3.4 கிலோ. சாப்பாடு பாதியாகி, குளியலறைச் சுவரையும் சிமெண்ட் தரையையும் நக்கிக்கொண்டிருந்தது. சென்னைப் புறநகரில் ஒரு கிளினிக்கில் 19 நாளில் நாலு தடவை காட்டியிருக்கிறார்கள். நாலு பில்லையும் அடுக்கினால் இப்படி வருகிறது: ட்ரிப்ஸ் நாலு, டெக்ஸாமெத்தசோன் ஊசி மூன்று, பி காம்ப்ளெக்ஸ் ஊசி நாலு, இரும்புச்சத்து டானிக் இரண்டு பாட்டில், லிவர் டானிக் ஒன்று. மொத்தம் 7,350 ரூபாய். நோய் என்ன என்று எழுத வேண்டிய இடத்தில் "அனீமியா" என்று ஒரே சொல். ரத்தப் பரிசோதனை என்று ஒரு வரிகூட இல்லை. ஐந்தாவது முறை வேறு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனபோது பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, 11 சதவீதம். பூனைக்கு அது 30 முதல் 45 வரை இருக்க வேண்டும்.

அனீமியா என்பது நோயின் பெயரே அல்ல. காய்ச்சல் என்று சொல்வது எவ்வளவு தகவலோ அவ்வளவுதான் அதுவும். ரத்தம் குறைவதற்கு மூன்றே வழி: உடம்பிலிருந்து வெளியே போகிறது, உடம்புக்குள்ளேயே சிவப்பணு உடைகிறது, அல்லது எலும்பு மஜ்ஜை புதிதாக உற்பத்தி செய்வதில்லை. இதில் எது என்று தெரியாமல் கொடுக்கிற எந்த மருந்தும் குருட்டாம்போக்குதான்.

எது என்று தெரிந்துகொள்ள பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் சில சொட்டு ரத்தம், இயந்திரத்தில் ஐந்து நிமிடம் வேகமாகச் சுற்றல். அடியில் தங்கும் சிவப்பு எத்தனை சதவீதமோ அதுதான் பி.சி.வி. அதே குழாயில் மேலே நிற்கும் பிளாஸ்மாவைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தெளிவாக இருந்து புரத அளவும் குறைந்திருந்தால் ரத்தம் எங்கோ ஒழுகுகிறது. மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தால் பெரும்பாலும் சிவப்பணு உடைகிறது. தெளிவாக இருந்து புரதம் சரியாக இருந்தால் உற்பத்தியில் கோளாறு, சிறுநீரகத்தையும் மஜ்ஜையையும் பார்க்க வேண்டும். இதோடு ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை, அதாவது இளம் சிவப்பணுக்கள். ஒரு மைக்ரோலிட்டரில் 50,000க்கு மேல் இருந்தால் மஜ்ஜை வேலை செய்கிறது என்று அர்த்தம். ரத்தம் குறைந்த உடனே இந்த எண் ஏறாது, மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். முதல் நாள் குறைவாக இருந்ததைப் பார்த்து "மஜ்ஜை செத்துப்போச்சு" என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு.

இப்போது பில்லுக்கு வருவோம்.

முதலில் டானிக். இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வருவது மனிதர்களிடம், அதிலும் பெண்களிடம் சகஜம். பூனையிடம் அப்படி இல்லை. தெள்ளுப்பூச்சி, கொக்கிப்புழு, குடலில் நாள்பட்ட கசிவு என்று ரத்தம் நீண்ட நாள் வெளியே போயிருந்தால்தான் இரும்பு குறையும். சிவப்பணு உள்ளேயே உடைகிற பூனைக்கு அந்த இரும்பு உடம்புக்குள்ளேதான் கிடக்கிறது. அதற்கு மேல் ஊற்றினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, அளவு மீறினால் கல்லீரலுக்குச் சேதம். இன்னொன்று, பாட்டிலைத் திருப்பி லேபிளில் புரோப்பிலீன் கிளைக்கால் இருக்கிறதா என்று பாருங்கள். சில திரவ மருந்துகளில் அது கரைப்பானாக இருக்கும். பூனையின் சிவப்பணுவை அதுவே கெடுக்கும். அமெரிக்காவில் 1996இல் பூனை உணவில் அதைச் சேர்க்கத் தடையே போட்டார்கள். ரத்தம் ஊறக் கொடுக்கும் மருந்தே ரத்தத்தை உடைத்தால் என்ன சொல்ல! பீட்ரூட், மாதுளை, பேரீச்சை வைத்தியமும் பூனைக்கு உதவாது. ஈரல் கொஞ்சம் வேகவைத்துக் கொடுக்கலாம். தினமும் ஈரலே சாப்பாடாகிவிட்டால் வைட்டமின் ஏ சேர்ந்து கழுத்தெலும்பு இறுகிப்போகும்.

அடுத்து ட்ரிப்ஸ். "தெம்புக்கு ஒரு பாட்டில்" என்பது நம் ஊர்ப் பழக்கம். பி.சி.வி. 11 இருக்கிற பூனையின் ரத்தம் ஏற்கெனவே தண்ணீர் மாதிரி, இதயம் இரட்டை வேலை செய்துகொண்டிருக்கும். 3.4 கிலோ பூனைக்கு மொத்த ரத்தமே சுமார் 200 முதல் 220 மில்லிதான். அதில் 150 மில்லி சலைனை அரை மணி நேரத்தில் ஓடவிட்டால் பி.சி.வி. இன்னும் இறங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். வீட்டுக்கு வந்த இரவே மூச்சுத் திணறி இறக்கும் பூனைகளை "முன்னாடியே முத்திப்போச்சு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். உடம்பில் நீர் வற்றியிருந்தால் ட்ரிப்ஸ் வேண்டும்தான், மெதுவாக, மூச்சை எண்ணிக்கொண்டே.

மூன்றாவது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. இந்த வியாபாரத்தின் உயிர்நாடி இதுதான். ஊசி போட்ட மறுநாள் பூனை சாப்பிடும், எழுந்து நடக்கும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மூன்றாம் நாள் மறுபடி படுக்கும், மறுபடி ஒரு ஊசி. ஸ்டீராய்டு தேவைப்படும் ரத்தசோகை இருக்கிறது, உடம்பே தன் சிவப்பணுவை எதிரியாக நினைத்து அழிக்கும் வகை. ஆனால் ரத்தம் எடுக்கும் முன்பே அந்த ஊசி போட்டுவிட்டால் வெள்ளணு எண்ணிக்கை மாறிவிடும், லிம்போமா மாதிரி புற்றுநோய் இருந்தால் தற்காலிகமாக ஒளிந்துகொள்ளும், பின்னால் செய்யும் பரிசோதனைகளும் குழம்பும். ரத்தம் எடுத்த பிறகுதான் ஸ்டீராய்டு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்கிறவர் கோபித்துக்கொள்ளட்டும்.

தலைகீழ் மோசடியும் ஒன்று உண்டு, இல்லாத ரத்தசோகையை இருப்பதாகக் காட்டுவது. ரிப்போர்ட்டில் எந்த விலங்கின் அளவுகோல் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். நாய்க்கு பி.சி.வி. 37 முதல் 55. அந்த அளவுகோலில் 32 உள்ள ஆரோக்கியமான பூனை "குறைவு" என்று சிவப்பில் வரும். மனிதர்களுக்கான ஆய்வகக் கருவியில் ஓட்டினால், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் கணக்கும் தப்பாகும். பூனையின் பிளேட்லெட் பெரியது, சிவப்பணு சிறியது, இரண்டையும் கருவி ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும். மயக்க ஊசி போட்டு எடுத்த ரத்தத்தில் பி.சி.வி. சில புள்ளிகள் இறங்கித்தான் காட்டும். ஒரு மாதக் குட்டிக்கு 27 இருப்பதும் இயல்பு. இவற்றில் ஒன்றையும் சொல்லாமல் ஒரு மாதக் கோர்ஸ் எழுதுகிறவரிடமிருந்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

அந்த மூன்று வயதுப் பூனைக்கு இருந்தது மைக்கோபிளாஸ்மா ஹீமோஃபெலிஸ். சிவப்பணுவின் மேல் ஒட்டிக்கொண்டு அதை உடைக்கும் கிருமி. சண்டை போட்டுத் திரியும் ஆண் பூனைகளிடம் அதிகம், தெள்ளுப்பூச்சி பரப்புவதாகவும் சந்தேகம் உண்டு. பிளாஸ்மா மஞ்சளாக இருந்தது, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை பாசிட்டிவ். ஸ்லைடில் தேடினால் பாதி நேரம் கிடைக்காது. ரத்தம் உறையாமல் வைக்கும் ஊதா மூடிக் குழாயில் நேரம் போகப் போக கிருமி கழன்றுவிடும், அதனால் ஸ்லைடை எடுத்த உடனே தேய்க்க வேண்டும். பி.சி.ஆருக்கான ரத்தத்தை ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் எடுக்க வேண்டும்.

மருந்து டாக்ஸிசைக்ளின், கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம், இரண்டு முதல் நான்கு வாரம். இந்தப் பூனைக்கு 34 மில்லிகிராம். கவனம் தேவைப்படுவது கொடுக்கும் முறையில். டாக்ஸிசைக்ளின் மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகிச் சுருங்கிவிடும், பிறகு பூனையால் எதையும் விழுங்க முடியாது. மாத்திரை போட்டதும் சிரிஞ்சில் 5 அல்லது 6 மில்லி தண்ணீரோ, கொஞ்சம் ஈர உணவோ உள்ளே போயாக வேண்டும். திரவ வடிவம் கிடைத்தால் அதுவே மேல். டாக்ஸிசைக்ளின் இல்லை, என்ரோஃப்ளாக்ஸசின் போடுகிறேன் என்றால் அளவைக் கேளுங்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் பூனைக்குப் பார்வை போகலாம், போனது திரும்பாமலும் போகலாம்.

மருந்து வேலை செய்கிறதா என்பதை ஈறைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் ஒரு பி.சி.வி., பிறகு வாரம் ஒன்று. ஏறுமுகமாக இருந்தால் போதும், ஒரே வாரத்தில் 30 ஆக வேண்டும் என்பதில்லை.

குட்டிகளில் கதை வேறு, அங்கே முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. நாம் எல்லாவற்றையும் உண்ணி என்றே சொல்லிவிடுகிறோம், ரோமத்துக்குள் வேகமாக ஓடித் தாவுவது தெள்ளு. 72 பெண் தெள்ளுகள் சேர்ந்தால் ஒரு நாளில் 1 மில்லி ரத்தம் குடித்துவிடும். அரைக் கிலோ குட்டியின் உடம்பில் மொத்தமே 30 மில்லிதான். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இங்கே பெட் ஷாப்பில் கைநீட்டித் தருவது நாய்க்கான பெர்மெத்ரின் பவுடர் அல்லது சொட்டு மருந்து. "கொஞ்சமா போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். பூனைக்கு அது நஞ்சு, நடுக்கமும் வலிப்பும் வந்து சாகும். லேபிளில் பூனை என்றும், எத்தனை வார வயதிலிருந்து என்றும் அச்சிட்டிருந்தால் மட்டுமே வாங்குங்கள். அந்த வயது வராத குட்டிக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் தெள்ளுச் சீப்பும்தான் வழி. துவட்டி உடனே சூடாக வைக்காவிட்டால் குளிரே முடித்துவிடும்.

வீட்டிலேயே நடக்கிற கொடுமை பாராசிட்டமால். நாய் பார்த்துப் பழகிய கையால் கிளினிக்கிலும் எழுதப்படுகிறது. அதை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் ஏறக்குறைய இல்லை. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பெரிய பூனையையும் கொல்லப் போதும். சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், பிறகு சிவப்பணு உடையும். மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன், முதலில் கிலோவுக்கு 140 மில்லிகிராம், பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 70. மனிதர்களுக்கான பெரிய மருந்துக்கடைகளில் ஊசியாகக் கிடைக்கும், மருத்துவர் அதைத் தேடுவதற்குள் நேரம் போய்விடக் கூடாது. வெங்காயமும் பூண்டும் இதே வேலையை மெதுவாகச் செய்யும். மீன் குழம்புச் சோறு பிசைந்து வைக்கும் வீடுகளில் காரணம் தட்டிலேயே இருக்கும்.

பத்து வயதைத் தாண்டிய பூனையானால் சிறுநீரகத்தைப் பாருங்கள். அங்கே சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் டார்பெபொயட்டின் ஊசி, கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், வாரம் ஒருமுறை, கூடவே இரும்பு ஊசி. இரும்புக்கு உண்மையான வேலை இருக்கும் இன்னொரு இடம் இது. ரத்த அழுத்தம் ஏறலாம், அதையும் அளக்க வேண்டும்.

கடைசியாக, ஆபத்திலும் பணத்திலும் பெரியது: ரத்தம் ஏற்றுதல். பூனைக்கு ஏ, பி, ஏபி என்று மூன்று பிரிவு. எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய பொது தானப் பூனை என்று ஒன்று கிடையாது. நாய்க்கு முதல் தடவை பிரிவு பார்க்காமல் ஏற்றினாலும் பெரும்பாலும் தப்பிக்கும். பி பிரிவுப் பூனைக்கு ஏ ரத்தம் ஒன்றிரண்டு மில்லி போனாலே, முதல் தடவையிலேயே உயிர் போகலாம். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், டெவன் ரெக்ஸ் வகைகளில் பி பிரிவு கணிசமாக உண்டு. பிரிவு பார்க்கும் அட்டை கிடைக்கவில்லை என்றால் குறைந்தபட்சம் கிராஸ்மேட்ச்: நோயாளியின் பிளாஸ்மா இரண்டு சொட்டு, தானப் பூனையின் ரத்தம் ஒரு சொட்டு, ஸ்லைடில் கலந்து சில நிமிடம் பார்ப்பது. திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாகப் பிரிந்தால் ஏற்றக் கூடாது. "டைம் இல்ல" என்று சொல்பவரிடம், அதற்கு ஆகும் நேரம் ரத்தப் பையைத் தொங்கவிடும் நேரத்தைவிடக் குறைவு என்று சொல்லலாம்.

கணக்கு இது: கிலோவுக்கு 2 மில்லி முழு ரத்தம் ஏற்றினால் பி.சி.வி. ஏறக்குறைய 1 புள்ளி ஏறும். 3.4 கிலோ பூனையை 11இலிருந்து 20க்குக் கொண்டுவர சுமார் 60 மில்லி. தானப் பூனையிடம் கிலோவுக்கு 10 முதல் 12 மில்லிக்கு மேல் எடுக்கக் கூடாது, ஆக 5 கிலோ பூனை ஒன்று போதும். அந்தப் பூனைக்குப் பூனை லுக்கேமியா வைரஸ், பூனை எய்ட்ஸ் வைரஸ், ஹீமோஃபெலிஸ் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். "200 மில்லி ஏத்தினோம்" என்று பில் வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சில இடங்களில் நாய் ரத்தத்தை ஏற்றிவிட்டு வாய் திறப்பதில்லை. முதல் தடவை பூனை தாங்கிக்கொள்ளும், ஆனால் அந்த அணுக்கள் சில நாளில் உடைந்துவிடும், ஒரு வாரம் கழித்து இரண்டாவது தடவை ஏற்றினால் மரணம். வேறு வழியே இல்லாதபோது செய்கிற வேலை அது, உங்களிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கித்தான் செய்ய வேண்டும். ஏற்றும் குழாயில் வடிகட்டி இருக்கிறதா, அதே குழாயில் ரிங்கர் லாக்டேட் என்ற ட்ரிப்ஸ் திரவம் ஓடவில்லையே என்று பாருங்கள், அதிலுள்ள கால்சியம் ரத்தத்தை உறையவைக்கும். ஆரம்ப அரை மணி நேரம் மிக மெதுவாக, மொத்தம் நான்கு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

பி.சி.வி. எண்ணை மட்டும் வைத்து ரத்தம் ஏற்ற முடிவு செய்வதும் சரியில்லை. நாள்பட்டுக் குறைந்த பூனை 12இல்கூடச் சமாளித்து நடமாடும். திடீரென்று இழந்தது 18இல் சரிந்துவிடும். தூங்கும்போது நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டிய மூச்சு 40ஐத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ அன்று இரவே கிளம்ப வேண்டும். அந்த நிலையில் வாயில் எதையும் ஊட்டாதீர்கள். ஈறைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மஞ்சள் பல்பில் காமாலை தெரியாது. ஈறு கறுப்பாக உள்ள பூனைக்குக் கீழ் இமையை இறக்கிப் பார்க்கலாம்.

தனியாரில் திருப்தி இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன. காத்திருக்க வேண்டியிருக்கும், காலையிலேயே போவது நல்லது. பழைய ரிப்போர்ட், போட்ட ஊசிகளின் பெயர், அளவு எல்லாம் கையில் இருக்கட்டும். "இன்ஜெக்‌ஷன் – 3" என்று மட்டும் எழுதிய பில்லை ஏற்காமல், பெயரும் மில்லிகிராமும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

புகார் கொடுக்க இரண்டு இடம். இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984இன்படி பதிவு பெற்றவர்தான் வைத்தியம் பார்க்கலாம், பதிவு செய்தவர் மேல் புகார் என்றால் மாநில கால்நடை மருத்துவ மன்றம். பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எங்கே போனாலும் முதலில் கேட்பது மருத்துவரின் பதிவு எண். அந்த நாலு பில்லிலும் அது இல்லை.